கசிவு தெரியவில்லை, கூலண்ட் மட்டும் குறைகிறது

கேள்வி: அப்பா வைத்திருந்த 1.6 லிட்டர் ஜப்பானிய செடானை இப்போது நான் ஓட்டுகிறேன். 2011இல் பதிவான கார். 2021இல் வாகன உரிமைச் சான்றிதழை மேலும் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்தோம். சில மாதங்களாக, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறைந்துகொண்டே வருகிறது. ஏறக்குறைய மூன்று வாரங்களில் ரிசர்வ் டாங்கில் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கிறது. ஆண்டுச் சோதனையிலும் தேறிவிட்டது. ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சினைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் கசிவு அடைக்கும் மருந்து ஒரு பாட்டில் ஊற்றினால் போதும் என்கிறார்கள். என் மாமாவோ, சிங்கப்பூர் வெயிலுக்கு ஆவியாகத்தான் செய்யும், குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓட்டு என்கிறார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போவதாக இருக்கிறோம். போகலாமா? அல்லது காரையே கழித்துவிடலாமா?
ஈசூனிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மூவரில் ஒருவராவது கருவி வைத்துச் சோதித்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. கூலண்ட் குறைவது நோய் இல்லை, நோயின் அறிகுறி. எங்கே போகிறது என்று கண்ணால் காணும்வரை ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள். எஞ்சினைத் திறக்கவும் விடாதீர்கள்.

முதலில் மாமா சொன்னதைப் பார்ப்போம். எஞ்சினும் ரேடியேட்டரும் சேர்ந்து மூடிய அமைப்பு. உங்கள் காரைப் போன்ற ஜப்பானியக் கார்களில் காற்றுப்படும்படி இருப்பது ரிசர்வ் டாங்கில் உள்ள கூலண்ட் மட்டுமே. ஓர் ஆண்டு ஓட்டிய பிறகு அதில் சற்றே இறங்கியிருந்தால் ஆவியாகிவிட்டது என்று விட்டுவிடலாம். இரண்டு கோடுகளுக்கும் நடுவே பல கார்களில் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை கொள்ளும். அவ்வளவும் மூன்று வாரங்களில் காணாமல் போவது வெயிலின் வேலை இல்லை.

வெப்பமானி முள்ளை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள். இந்தக் கால கார்களில் முள் உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லை. வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது நிலைமை முற்றியிருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கூலண்ட் மிகவும் குறைந்து, வெப்பத்தை அளக்கும் உணரி வெறும் காற்றில் நின்றுவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் சாதாரணமாகக் காட்டலாம். ஆண்டுச் சோதனையில் தேறியதும் இதற்கு ஆறுதல் ஆகாது. அங்கே பிரேக்கையும் புகையையும் விளக்கையும் பார்க்கிறார்கள். கூலண்ட் ஓடும் பாதையில் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதில்லை.

இனி நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது, ரிசர்வ் டாங்கில் கூலண்ட் நிற்கும் உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஊற்றும் ஒவ்வொரு முறையும் சமையலறை அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். தேதி, கிலோமீட்டர், எத்தனை மில்லிலிட்டர் என்று தொலைபேசியிலேயே குறித்து வையுங்கள். குவளையை அதோடு கழித்துவிடுங்கள், மறுபடி சமையலுக்கு வேண்டாம். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதன் சுவையோ இனிப்பு. பிள்ளைகள் உள்ள வீட்டில் புட்டியையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், குறையும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும். வாரம் முழுவதும் ஓட்டாமல் நிறுத்தியிருந்தும் குறைகிறது என்றால் ஆறிய நிலையிலும் எங்கோ ஒழுகுகிறது. ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தால் இப்படி நடக்கும். சூட்டில் விரிந்து இறுகி நிற்பது, ஆறியதும் சுருங்கி வழிவிடும். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும்போது குறையாமல், தீவு விரைவுச்சாலையில் நீண்ட தூரம் போன பிறகு மட்டும் குறைகிறது என்றால் அழுத்தமும் சூடும் ஏறும்போதுதான் வெளியேறுகிறது. இதைப் பட்டறைக்காரர் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது. தினமும் ஓட்டுகிற உங்களால்தான் முடியும்.

அதே ஆறிய நேரத்தில் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். ஆறிய நேரத்தில் மட்டும், சகோதரி. சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டுப்போன நொடியில் உள்ளே உள்ளது கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியில்கூட ஒரு துணியைப் போட்டு, கால் திருப்பு திருப்பி, சீறல் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு முழுதாகத் திறப்பது நல்ல பழக்கம். உள்ளே கழுத்து விளிம்புவரை கூலண்ட் நிற்க வேண்டும். ரிசர்வ் டாங்கில் நிறைய இருந்து ரேடியேட்டரில் குறைந்திருந்தால், முதலில் மூடியையும் இரண்டுக்கும் இடையே ஓடும் மெல்லிய குழாயையும் சந்தேகப்படுங்கள்.

இந்த மூடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய கார்களில் ஆளுக்கு ஆள் அலட்சியப்படுத்தும் பாகம் இது. மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 போன்ற ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது எவ்வளவு அழுத்தம் வரை மூடி பிடித்து வைக்கும் என்பதைக் குறிக்கிறது. பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போலத்தான் இதன் வேலையும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தில் அது 125 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்த மூடி அந்த அழுத்தத்தைத் தாங்காது. நெரிசலில் ஏர்கானைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது கூலண்ட் ரிசர்வ் டாங்குக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து வழிந்து போய்விடும். மூடியின் நடுவில் எதிர்த்திசையில் திறக்கும் சிறிய வால்வு ஒன்றும் உண்டு. எஞ்சின் ஆறும்போது அதன் வழியாகத்தான் ரேடியேட்டர் கூலண்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அது ஒட்டிக்கொண்டால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் காலையில் தட்டையாக ஒடுங்கிக் கிடக்கும். மூடியைக் கழற்றி, ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தாலோ விளிம்பில் வெட்டு விழுந்திருந்தாலோ அதே எண்ணுள்ள புதிய மூடியைப் போடுங்கள். விலை அற்பம்.

அடுத்தது, வண்டிக்கு அடியில் சொட்டு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிக்கசிவு இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. உங்கள் காரின் எஞ்சினுக்குக் கீழே பிளாஸ்டிக் தட்டு ஒன்று மாட்டியிருக்கும். மேலிருந்து சொட்டுவதை அது வாங்கி வைத்துக்கொள்ளும். நிறுத்தியிருக்கும்போது தரையில் விழாது, ஓடும்போது காற்றில் சிதறிவிடும். மிகச் சிறிய கசிவாக இருந்தால் சூடான உலோகத்தில் பட்டதுமே காய்ந்தும் விடும். நீர் போய்விட்டாலும் கூலண்டில் உள்ள உப்புகள் போகாது. இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ வெண்மையாகவோ ஒரு பொருக்கு படிந்திருக்கும். தேட வேண்டியது ஈரத்தை இல்லை, அந்தப் பொருக்கைத்தான்.

பட்டறையில் வண்டியைத் தூக்கி, அந்தத் தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றாமல் கசிவு இல்லை என்று சொல்பவரின் பேச்சை ஏற்காதீர்கள். உங்கள் காரின் வயதில் நான் முதலில் டார்ச் அடிக்கும் இடம், கூலண்டைச் சுற்றி ஓடவைக்கும் வாட்டர் பம்ப். அதன் உடம்பில் வேண்டுமென்றே ஒரு சிறிய துளை விட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சீல் தேயத் தொடங்கினால் கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரும். துளைக்குக் கீழே இளஞ்சிவப்புக் கோடு ஒன்று காய்ந்து இறங்கியிருக்கும், பக்கத்தில் சுழலும் பெல்ட்டும் புல்லியும் தெறித்ததில் சுற்றிலும் புள்ளி புள்ளியாகப் படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. சக்கரத்தைக் கழற்றி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்தால் தெரியும். அப்படி ஒரு தடத்தைக் கண்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. பம்பை மாற்றுங்கள், கூடவே பெல்ட்டையும், கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடுங்கள். இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டி வராது.

பம்ப் உலர்ந்திருந்தால் ரேடியேட்டர். அதன் அலுமினியப் பகுதியையும் மேலும் கீழும் அல்லது பக்கவாட்டில் உள்ள பிளாஸ்டிக் தொட்டிகளையும் மடிப்பாக அழுத்திச் சேர்த்திருப்பார்கள். பத்தாண்டுச் சூட்டில் பிளாஸ்டிக் பழுப்பேறி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், மடிப்பின் விளிம்பில் முடிபோன்ற வெடிப்பு விழும். பிறகு எஞ்சினுக்குப் பின்புறம், காற்றை உள்ளே விடும் திராட்டிலுக்குப் போகும் விரல் பருமனுள்ள சின்ன ஹோஸ்கள். பெரிய ஹோஸ்களை எல்லோரும் பார்ப்பார்கள், இவற்றை யாரும் பார்ப்பதில்லை. விசிறிகளையும் மறக்க வேண்டாம். ஏர்கானைப் போட்டதும் அவை சுழல வேண்டும்.

காருக்குள்ளும் ஓர் இடம் உண்டு. சிங்கப்பூரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். போடாவிட்டாலும் ஹீட்டர் பொருத்தப்பட்ட பல கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் சிறிய ரேடியேட்டர் ஒன்று இருக்கும், அதற்குள் கூலண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அது கசிந்தால் பயணி பக்கத்துத் தரைவிரிப்பு நனையும், கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்போல மங்கும், இனிப்பான வாடை வரும். இந்த ஊரில் இதை ஏர்கான் தண்ணீரோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஏர்கான் வடிகுழாய் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். வெள்ளைக் காகிதத்தாளை அதில் ஒற்றி எடுங்கள். ஏர்கான் தண்ணீர் நிறமற்று, மணமற்று, விரலில் தண்ணீராகவே இருக்கும். கூலண்ட் நிறம் காட்டும், இரண்டு விரல்களுக்கு நடுவே வழவழக்கும். வண்டிக்கு அடியில் தேங்கியதையும் இப்படியே பிரித்தறியலாம். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இரவு ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு நேர் கீழே விரித்துவிட்டு, காலையில் துப்புரவு ஊழியர் வருவதற்கு முன் எடுத்துப் பாருங்கள். மழை ஈரத்தோடு குழம்பாது.

இத்தனையும் கண்ணால் பார்ப்பது. இதற்கு மேல் சந்தேகத்துக்கு இடம் வைக்காத வழி அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் மூடியின் இடத்தில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை காற்றை ஏற்றி, அரை மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள். பம்பில் உள்ள அழுத்தமானியின் முள் அசையாமல் நின்றால், எஞ்சினைச் சூடாக்கிவிட்டு மறுபடியும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். ஆறியபோது பிடித்துக்கொண்ட வெடிப்பு சூட்டில் திறக்கலாம். முள் இறங்கினால் எங்கோ போகிறது, டார்ச்சோடு தேடினால் சொட்டு தெரியும். தெரியாவிட்டால் கூலண்டில் ஒளிரும் சாயம் கலந்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு, புற ஊதா விளக்கில் பார்க்கலாம். சின் மிங்கிலும் உபியிலும் காக்கி புக்கிட்டிலும் இந்தக் கருவிகள் உள்ள பட்டறைகள் ஏராளம். போகும்போது கூலண்ட் குறைகிறது, பாருங்கள் என்று பொதுவாகச் சொல்லாமல், அழுத்தச் சோதனை செய்யுங்கள், செய்யும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லுங்கள்.

இப்போது எஞ்சினைத் திறக்கச் சொன்னவரிடம் வருகிறேன். ஹெட் கேஸ்கெட் போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. போயிருந்தால் அதற்கும் சாட்சி இருக்கும், அந்தச் சாட்சியைத்தான் கேட்கிறேன். எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுகிறதா என்று கண்டுபிடிக்க நீல நிறத் திரவம் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் கழுத்தில் ஒரு கண்ணாடிக் குழலை வைத்து, அங்கே எழும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். சிறிய கசிவாக இருந்தால் முதல் தடவையே மாறாமல் போகலாம். அதனால் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றிய பிறகு இன்னொரு முறை செய்வது நல்லது. கூடவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கூலண்ட் போகிறது.

நீங்களே கவனிக்கக்கூடியவையும் சில உண்டு. காலையில் எடுத்ததும் சில நொடிகள் எஞ்சின் உதறிவிட்டுச் சரியாவது. ஆறிய எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது. புகைபோக்கியிலிருந்து வெண்புகை விடாமல் வருவது. குளிர்நாடுகளில் காலையில் வெள்ளை ஆவி வருவது சகஜம். நம் ஊரின் வெப்பத்தில் அது பல நிமிடங்கள் நீடித்தால் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணெய் மூடியின் அடியில் வெளிர்மஞ்சள் நுரையைக் காட்டி, பாருங்கள் கேஸ்கெட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நம்பாதீர்கள். குறுகிய தூரமே ஓடும் காரில் எஞ்சினுக்குள் ஈரம் படிந்தும் அந்த நுரை உண்டாகும். எண்ணெய் அளவுகோலிலும் அதே நுரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். தானியங்கிக் கியர் உள்ள பல ஜப்பானியக் கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே வெடித்தால் கூலண்ட் கியர் பெட்டிக்குள் போய்விடும். கியர் எண்ணெய் இளஞ்சிவப்பாகக் கலங்கி நுரைத்திருந்தால் அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், இழுவை வண்டியை அழையுங்கள்.

கசிவு அடைக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். கசிவுத் துளைக்கும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் அடைக்கும். அதோடு தடயமும் அழிந்துவிடும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம். நம் நாட்டில் உறைபனி இல்லையே, கூலண்ட் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். கொதிநிலையை உயர்த்துவதும், அலுமினியம் அரிக்காமல் காப்பதும் அதன் வேலைதானே. தண்ணீரை ஊற்ற ஊற்ற அந்தக் காப்பு நீர்த்துப்போகிறது, இன்று ஓரிடத்தில் இருக்கும் சிக்கல் நாளை மற்ற இடங்களுக்கும் வரும். காரின் கையேட்டில் சொன்ன வகையை வாங்கி ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வேறு வேறு கலவைகள் விற்கிறார்கள். வழியில் வேறு வழியே இல்லாத நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் தவறில்லை, ஊர் திரும்பியதும் முழுதாக வடித்து மாற்றிவிடுங்கள்.

காரைக் கழிப்பதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். உங்கள் சான்றிதழ் 2031 வரை செல்லும். பம்போ ரேடியேட்டரோ மூடியோதான் காரணம் என்று தெரிந்தால் அதை மாற்றி, மீதி ஆண்டுகளை நிம்மதியாக ஓட்டலாம். ஹெட் கேஸ்கெட் என்றே உறுதியானால் அப்போது கணக்குப் பாருங்கள். பழுதுச் செலவு ஒரு பக்கம், இப்போதே பதிவை நீக்கினால் சான்றிதழின் மீதமுள்ள காலத்துக்குக் கிடைக்கும் தொகை இன்னொரு பக்கம். பழுது பார்ப்பதாக இருந்தால், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி அதன் தளம் வளையாமல் இருக்கிறதா என்று அளந்து, வளைந்திருந்தால் சீவிச் சமன்படுத்திய பிறகே புதிய கேஸ்கெட்டை வைக்க வேண்டும். அந்த வேலையும் விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஈப்போ பயணம். கடற்பாலத்தைத் தாண்டுமுன் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காத சிங்கப்பூரர் இல்லை. கூலண்டைப் பார்ப்பவர்தான் குறைவு. ஒரு வழிக்கு 550 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் மணிக்கு 110 கிலோமீட்டர் வரை போகக்கூடிய நெடுஞ்சாலை, பின்னிருக்கையில் பிள்ளைகள். காரணம் தெரியாத கசிவோடு அந்தச் சாலையில் ஏறாதீர்கள். விடுமுறைக்கு முன்பே சோதனையை முடித்து, பழுது பார்த்து, அதன் பிறகு குறைந்தது இரண்டு வாரம் இங்கேயே ஓட்டுங்கள். ஒருநாள் துவாஸ் வரை விரைவுச்சாலையில் போய்த் திரும்புங்கள். மறுநாள் காலையில் டேப் ஒட்டிய கோட்டிலேயே கூலண்ட் நின்றால் தாராளமாகப் புறப்படுங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஈப்போவுக்குப் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டு, காரைப் பட்டறையில் விட்டுச் செல்லுங்கள்.

வழியில் எப்போதாவது முள் நடுவைத் தாண்டினால் உடனே ஏர்கானை நிறுத்துங்கள், ஓரங்கட்டுங்கள், எஞ்சினை அணைத்துவிடுங்கள். அடுத்த ஓய்விடம் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சில கிலோமீட்டரில்தான் நல்ல சிலிண்டர் ஹெட் வளைகிறது. சாலையோரத் தடுப்புக்கு அப்பால் பிள்ளைகளோடு நின்றுகொண்டு உதவிக்கு அழையுங்கள். எஞ்சின் முழுதாக ஆறும்வரை மூடியில் கை வைக்கவும் வேண்டாம், சூடான எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.